விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி

அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில், மேஜை மேல் ஒரு தடித்த புத்தகம் இருக்கும். விபத்துப் பதிவேடு என்று பெயர். 'ஏ.ஆர்.' என்றால்தான் நம் மக்களுக்குப் புரியும். அடிபட்டு வருபவர், மருந்து குடித்து வருபவர், பாம்பு கடித்து வருபவர், தீக்காயத்தோடு வருபவர் என எல்லோருடைய கதையும் அதில் நான்கைந்து வரிகளில் அடங்கிவிடும். ஒரு வன்கொடுமை வழக்கு நீதிமன்றத்தில் நிற்குமா, விழுமா என்பதைப் பல நேரங்களில் அந்த நான்கைந்து வரிகளே முடிவு செய்துவிடுகின்றன. காவல் நிலையத்தில் என்ன எழுத வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கும் நாம், மருத்துவமனையில் என்ன எழுதப்படுகிறது என்று எட்டிப் பார்ப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் இரவு. எங்கள் தெருவில் எனக்குப் பெரியப்பா முறை வேண்டிய ஒருவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போனோம். ஊர்த்தெரு வழியாக வண்டியிலிருந்து இறங்காமல் ஓட்டிப் போனார் என்பதற்காக, டீக்கடை அருகே மறித்து உருட்டுக்கட்டையால் அடித்திருந்தார்கள். முன்மண்டை பிளந்திருந்தது. இடது முன்கை வீங்கித் தொங்கியது. இரவுப் பணியில் ஒரே ஒரு மருத்துவர். அந்த நேரம் பார்த்து நெஞ்சுவலி என்று இன்னொருவரைக் கொண்டுவந்துவிட்டார்கள். மருத்துவர் அங்கே ஓடுவதும் இங்கே வருவதுமாக இருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தையலை நன்றாகவே போட்டார்.

பதிவேட்டை விரித்து "என்ன ஆச்சு?" என்று அவர் கேட்டபோது பெரியப்பா அரை மயக்கத்தில் இருந்தார். நான் சீட்டுப் போடப் போயிருந்தேன். ஊர்ப் பொல்லாப்பு நமக்கெதற்கு என்று ஆட்டோக்காரர் வாயைத் திறக்கவில்லை. புறக்காவல் நிலையக் காவலர்தான், "டூவீலர்ல வரும்போது ஏதோ தகராறாம் சார், கீழ விழுந்துட்டாராம்" என்றார். இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்ததாகச் சொல்லப்படுகிறது என்று ஆங்கிலத்தில் ஒரே வரி ஏறியது.

மரப்பு ஊசி போட்டுத் தையல் போடும்போது பெரியப்பாவின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரான ஓர் அக்கா. அடித்தவர்கள் பெயரைச் சொல்லி அவர் புலம்பியதை முழுதாகக் கேட்டது அந்த அக்கா ஒருவர்தான். வெளியே வந்து என்னைத் தேடிப் பிடித்தார். "தம்பி, அண்ணன் உழுவலியாம்ப்பா. மூணு பேரு கட்டையால அடிச்சிருக்காங்க. பேரெல்லாம் சொல்றாரு. டாக்டர்கிட்ட சொல்லி எழுதச் சொல்லு" என்றார். போய்ச் சொன்னேன். "எழுதியாச்சுப்பா, போலீஸ்ல சொல்லிக்கோங்க" என்றார் மருத்துவர். எனக்கும் அப்போது விவரம் போதாது. சரி என்று வந்துவிட்டேன்.

மூன்று ஆண்டுகள் கழித்துக் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எடுத்தது அந்த ஒரு வரியைத்தான். முதல் தகவல் அறிக்கையில் மூன்று பேர் அடித்ததாக இருக்கிறது. அதற்கு முன்பே எழுதப்பட்ட ஏ.ஆரில் வண்டியிலிருந்து விழுந்ததாக இருக்கிறது, எது உண்மை? மருத்துவர் மாற்றலாகி வேறு மாவட்டத்திலிருந்து வந்து சாட்சி சொன்னார். பதிவேட்டில் உள்ளதுதான் தனக்குத் தெரியும் என்றார். அவர் வேறு என்ன சொல்ல முடியும்? சந்தேகத்தின் பலன் எதிரிகளுக்குப் போனது.

அந்த அக்காவைச் சாட்சியாகப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். நாங்களும் முயன்றோம். அன்றிரவு பணியில் இருந்தவர்கள் பட்டியலில் மருத்துவர் பெயர் இருந்தது, செவிலியர் பெயர் இருந்தது. அக்காவின் பெயர் இல்லை. ஒப்பந்த நிறுவனத்தின் வருகைப் பதிவேட்டில் அன்றைய இரவுக்கு வேறொரு பெண்ணின் பெயர். அந்தப் பெண்ணுக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று அவருக்குப் பதிலாக இவர் வந்திருக்கிறார். காகிதப்படி அக்கா அங்கே இல்லவே இல்லை. சாட்சிக்கு வந்தால் மறுநாள் வேலை இருக்குமா என்ற பயம் வேறு. நாங்கள் வற்புறுத்தவில்லை.

கூப்பிடும் சொல்லிலேயே ஏணி

ஒரு மருத்துவமனையில் யார் பெரியவர், யார் சிறியவர் என்பதை அறிய அரசாணையைத் தேட வேண்டியதில்லை. அரை மணி நேரம் வார்டு வாசலில் உட்கார்ந்து, யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டால் போதும். மருத்துவர் 'சார்', 'மேடம்'. செவிலியர் 'சிஸ்டர்'. மருந்தாளுநரும் எக்ஸ்ரே எடுப்பவரும் வயதைப் பொறுத்து 'சார்' அல்லது 'அண்ணே'. நிரந்தர மருத்துவமனைப் பணியாளருக்குப் பெயர் உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஒப்பந்தத்தில் துடைப்பவருக்கு அதுவும் கிடையாது. 'ஏம்மா', 'இந்தாம்மா', அவசரத்துக்கு 'க்ளீனிங்!' செய்யும் வேலையின் பெயரே ஆளின் பெயராகிவிடுகிறது.

சென்னை அரசு பொது மருத்துவமனை 1664-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்களுக்காகத் தொடங்கப்பட்டது. பட்டாளத்து ஆஸ்பத்திரியிலிருந்து வளர்ந்த அமைப்பில் மேலிருந்து கீழே உத்தரவு இறங்குவது இயல்புதான். ரத்தம் கொட்டும்போது கூட்டம் போட்டு முடிவெடுக்க முடியாது. ஒருவர் சொல்ல மற்றவர்கள் செய்துதான் ஆக வேண்டும். சிகிச்சைக்குப் படிநிலை தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நம் நாட்டில் அந்த ஏணியின் மேல் படியில் யார், கீழ்ப் படியில் யார் என்பதை ஊரின் படிநிலையே நெடுங்காலம் தீர்மானித்திருக்கிறது. மலமும் ரத்தமும் படும் வேலை என்றால் அருந்ததியர், பறையர் குடும்பங்களிலிருந்து ஆள் தேடுவது இன்னும் நிற்கவில்லை. நிரந்தரப் பணியிடங்களாக இருந்தபோது அந்த வேலையிலாவது ஓய்வூதியமும் வாரிசு வேலையும் இருந்தன. இன்று அவை ஒப்பந்த நிறுவனங்களின் கையில். வேலை மாறவில்லை, செய்யும் ஆட்களும் மாறவில்லை, பதிவேடு மட்டும் மருத்துவமனையை விட்டு வெளியே போய்விட்டது.

படித்து மேல் படிக்குப் போனவர்களுக்கும் ஏணி சமமாக இல்லை. டெல்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதம் குறித்து விசாரித்த சுகதேவ் தோரட் குழு 2007-இல் அறிக்கை தந்தது. விடுதியில் ஒதுக்கப்படுவதிலிருந்து செய்முறைத் தேர்வில் பாகுபாடு வரை அதில் இருந்தன. 2019 மே மாதம் மும்பை நாயர் மருத்துவமனையில் முதுநிலை மகப்பேறு மருத்துவம் படித்துக்கொண்டிருந்த பழங்குடிப் பெண் பாயல் தாட்வி உயிரை மாய்த்துக்கொண்டார். மூத்த மாணவிகள் மூன்று பேர்மீது வன்கொடுமைச் சட்டத்திலும் வழக்குப் பதிவானது. 'சீனியர்' என்ற ஒரு சொல்லுக்குள் எவ்வளவு ஒளிந்துகொள்ள முடியும் என்பதை மருத்துவம், செவிலியம் படிக்கும் நம் பிள்ளைகள் நன்றாகவே அறிவார்கள்.

எதை யார் எழுதுகிறார்கள்?

அடிபட்டவரோடு போகும் நம் ஆட்கள் பெரும்பாலும் யாரைப் பார்க்க வேண்டுமோ அவரைத் தவிர எல்லோரிடமும் கெஞ்சிக்கொண்டிருப்பார்கள். எனவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஏ.ஆர். எழுதுவது அவசரப் பிரிவில் பணியில் இருக்கும் மருத்துவர். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானால் பயிற்சி மருத்துவர்கள் உதவிக்கு இருப்பார்கள். பொறுப்பு பணி மருத்துவருடையதே. எத்தனை மணிக்கு வந்தார், யார் கொண்டுவந்தார், எப்படி அடிபட்டதாகச் சொன்னார், எந்த இடத்தில் எவ்வளவு நீள அகலத்தில் காயம், உடலில் அடையாள மச்சம் எங்கே என்பதெல்லாம் அதில் வர வேண்டும். இது குற்றம் சம்பந்தப்பட்டது என்று தெரிந்தால் காவல் நிலையத்துக்கு மருத்துவமனையிலிருந்து தகவல் போகும். காவலர் வந்து வாக்குமூலம் வாங்குவது அந்தத் தகவலுக்குப் பிறகுதான். வண்டியிலிருந்து விழுந்தார் என்று எழுதிவிட்டால், போகும் தகவலும் அப்படியே போகும்.

வார்டில் சேர்த்த பிறகு 'கேஸ் ஷீட்' தொடங்கும். மருத்துவர் தினமும் பார்த்ததை எழுதுவார். காய்ச்சல், ரத்த அழுத்தம், கொடுத்த மருந்து, நேரம் ஆகியவற்றைச் செவிலியர் குறிப்பார். செவிலியரின் குறிப்பில் நேரம் கச்சிதமாக இருக்கும். நோயாளி எப்போது நினைவு திரும்பிப் பேசினார் என்பதற்குப் பல வழக்குகளில் அதுதான் ஆதாரம். எக்ஸ்ரே படத்தில் எண்ணும் தேதியும் இருக்கும். அந்த எண் கேஸ் ஷீட்டில் ஏற வேண்டும். எல்லாம் முடிந்து, காவல் துறை கேட்ட பிறகு மருத்துவர் தருவது காயச் சான்றிதழ். சாதாரணக் காயமா, கொடுங்காயமா என்ற கருத்து அதில்தான் வரும்.

இந்த ஒரு சொல்லில்தான் பிரிவே மாறுகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆவது பிரிவின்படி எலும்பு முறிவு, மூட்டு விலகல், பல் உடைதல் போன்றவை கொடுங்காயம். 15 நாட்கள் கடும் வலியில் கிடந்தாலோ, வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனாலோ அதுவும் கொடுங்காயமே. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அது 20 நாட்கள். நம் மக்கள் மூன்றாம் நாளே 'வீட்டுக்குப் போறோம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். ஆடு மாடு இருக்கிறது, கூலி போகிறது. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. ஆனால் எதிர்த்தரப்பில் கீறல்கூட இல்லாதவர் கட்டுப்போட்டுக்கொண்டு பத்து நாள் வார்டில் படுத்திருப்பார். எதிர் வழக்குக்கு அவருக்கு ஏ.ஆர். இருக்கும், கேஸ் ஷீட் இருக்கும். எலும்பு உடைந்த நம் ஆளிடம் ஒரு வெளிநோயாளிச் சீட்டு மட்டும் இருக்கும். முறிந்த கையின் எக்ஸ்ரே படம் கோப்பில் காணாமல் போய், கொடுங்காயம் சாதாரணக் காயமாகச் சுருங்கிய வழக்குகளைச் சொல்லாத வழக்கறிஞர் நம் மாவட்ட நீதிமன்றங்களில் அரிது.

இந்தக் காகிதங்கள் கடைசியில் போய்ச் சேரும் இடம் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவு. பெரும்பாலான மருத்துவமனைகளில் அது மாடிப்படிக்குக் கீழே ஓர் இருட்டறை. நகல் வேண்டுமென்றால் நிலைய மருத்துவ அலுவலருக்கு, அப்படி ஒரு பதவி இல்லாத சிறிய மருத்துவமனையானால் தலைமை மருத்துவ அலுவலருக்கு, எழுத்தில் மனு கொடுக்க வேண்டும். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்தில் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிமுறைகள் சொல்கின்றன. உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, 30 நாட்கள். அதற்கும் மசியாவிட்டால் வட்ட, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளுக்கு மேலே இணை இயக்குநர் (நலப் பணிகள்) அலுவலகம். மருத்துவக் கல்லூரி என்றால் டீன். ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் வட்டார மருத்துவ அலுவலர்.

காவல் நிலையத்துக்குப் போய்விட்டு வந்தால்தான் தையல் போடுவோம் என்று யாராவது சொன்னால் அது சட்ட விரோதம். பர்மானந்த் கட்டாரா வழக்கில் 1989-இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. முதலில் உயிர், பிறகு மற்ற நடைமுறை. அரசு, தனியார் என்ற வேறுபாடு இதில் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அடித்தவர் பெயர் ஏ.ஆரில் இல்லை என்பதற்காக வழக்கு பொய்யாகிவிடாது. 1985-இல் பட்டிபாட்டி வெங்கையா வழக்கில், குற்றம் செய்தது யார் என்பது மருத்துவருடைய கவலை இல்லை, நோயாளியைக் காப்பாற்றுவதே அவர் வேலை என்று உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. எனவே பெயர் விடுபட்டுவிட்டதே என்று மருத்துவரிடம் சண்டை போட வேண்டியதில்லை. 'அடித்தார்கள்' என்பது விடுபட்டு 'விழுந்தார்' என்று ஏறுவதுதான் ஆபத்து. எத்தனை பேர் என்ற எண் மாறுவது அடுத்த ஆபத்து. பதற்றத்தில் 'பத்துப் பேர் சார்' என்று கூட வந்தவர் சொல்லிவிடுவார். முதல் தகவல் அறிக்கையில் நான்கு பேர் இருப்பார்கள். இரண்டுக்கும் நடுவே வழக்கு விழுந்துவிடும். அடிபட்டவர் பேசும் நிலையில் இருந்தால் அவரே சொல்லட்டும். இல்லையென்றால் நேரில் பார்த்தவர் சொல்லட்டும். இருவரும் இல்லையென்றால் 'அடிபட்டுக் கிடந்தார், எப்படி என்று தெரியாது' என்பதுதான் நேர்மையான வரி.

காகிதம் நகர்ந்தால்தான் நிவாரணம்

வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995, பிறகு 2016-இல் திருத்தப்பட்டவை. பாதிக்கப்பட்டவருக்கு 7 நாட்களுக்குள் நிவாரணம் வழங்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்கின்றன அவை. எந்தத் தவணை எப்போது என்பது விதிகளின் இணைப்புப் பட்டியலில் இருக்கிறது. அதை ஒருமுறை மெதுவாகப் படித்துப் பார்த்தால் மருத்துவரின் பேனா எங்கெல்லாம் நுழைகிறது என்று தெரியும். பாலியல் வன்புணர்வு வழக்கில் மத்திய விதிகளின்படி 5 லட்சம் ரூபாய். அதில் பாதி, மருத்துவப் பரிசோதனையும் அதை உறுதிசெய்யும் மருத்துவ அறிக்கையும் வந்த பிறகு. தாக்குதலில் நிரந்தர ஊனம் ஏற்பட்டால் ஊனத்தின் விழுக்காட்டைப் பொறுத்துத் தொகை: 50 விழுக்காட்டுக்குக் கீழ் என்றால் 2.5 லட்சம், 50-க்கு மேல் என்றால் 4.5 லட்சம், முழு ஊனம் என்றால் 8.25 லட்சம். இதிலும் முதல் பாதி மருத்துவ அறிக்கைக்குப் பிறகே. அறிக்கை ஒரு மேஜையில் பத்து நாள் கிடந்தால் பணமும் பத்து நாள் கிடக்கும். விசாரணை அதிகாரியான டி.எஸ்.பி. 60 நாட்களில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும் என்ற கெடுவும் காயச் சான்றிதழுக்காகக் காத்து நிற்கும்.

பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களைப் பரிசோதிக்கும் விஷயத்தில் சட்டம் கொஞ்சம் கறாராக இருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 184-ஆவது பிரிவின்படி பெண்ணின் சம்மதம் பெற்றதை எழுத வேண்டும். பரிசோதனை தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் துல்லியமாக ஏற வேண்டும். 7 நாட்களில் அறிக்கை விசாரணை அதிகாரிக்குப் போக வேண்டும். 397-ஆவது பிரிவு, அரசு மருத்துவமனையானாலும் தனியாரானாலும் இலவசமாக உடனடிச் சிகிச்சை தர வேண்டும் என்கிறது. இரு விரல் பரிசோதனை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இலும் 2022-இலும் சொல்லிவிட்டது. இத்தனை கட்டளைகளும் ஒரு படிவத்துக்குள் வர முடிந்திருக்கிறது. கட்டையடிக்கு மட்டும் ஏன் இன்னும் அந்தப் பழைய ஒற்றை வரி?

வன்கொடுமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவை 2015 திருத்தத்துக்குப் பிறகு படித்தவர்களுக்கு ஒரு விஷயம் நினைவிருக்கும். வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதிய பிறகு, கையெழுத்து வாங்கும் முன் புகார் தந்தவருக்கு அதை வாசித்துக் காட்ட வேண்டும் என்று காவல் நிலையத்துக்குக் கட்டளை இருக்கிறது. வேண்டுமென்றே செய்யத் தவறினால் 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை. எழுதப் படிக்கத் தெரியாதவரின் வாயிலிருந்து வந்ததும் காகிதத்தில் ஏறியதும் ஒன்றுதானா என்று பார்க்க ஒரே வழி அந்த வாசிப்புதான். அதே வாசிப்பு மருத்துவமனை மேஜையிலும் வேண்டும். எப்படி அடிபட்டது என்ற வரியை மட்டும் தமிழில் எழுதி, சொன்னவர் யார் என்று குறித்து, வாசித்துக் காட்டி, கையெழுத்தோ கைரேகையோ வாங்கினால் இரண்டு நிமிடம் ஆகும். காயத்தின் அளவுகளை மருத்துவர் ஆங்கிலத்திலேயே எழுதிக்கொள்ளட்டும்.

நேரம் எங்கே இருக்கிறது என்று மருத்துவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இரவில் ஒரே ஒருவர் தையலும் போட்டு, பதிவேடும் எழுதி, நெஞ்சுவலியையும் பார்த்து, காவலரின் படிவத்திலும் கையெழுத்துப் போடுகிறார். ஒரே காயத்தை ஏ.ஆர்., கேஸ் ஷீட், காவல் தகவல், வார்டு பதிவேடு, கடைசியில் சான்றிதழ் என்று ஐந்து இடத்தில் ஐந்து முறை எழுதுகிறார்கள். ஐந்து முறை எழுதும்போது இரண்டு இடத்தில் இடது கை வலது கையாகிவிடுகிறது. ஒருமுறை எழுதியதே மற்ற இடங்களுக்கும் நகலாகப் போகும்படி செய்தால் மருத்துவருக்கும் பாரம் குறையும், நமக்கும் முரண்பாடு குறையும். ஹரியானாவில் தொடங்கிய 'மெட்லீப்பர்' என்ற மென்பொருளில் மருத்துவர் காய அறிக்கையைக் கணினியில் தட்டச்சு செய்கிறார். படிக்க முடியாத கையெழுத்து என்ற பிரச்சினை அதோடு தீர்கிறது. ஆனால் கணினியில் 'தாக்குதல்', 'சாலை விபத்து' என்று இரண்டு பொத்தான்கள் மட்டும் இருந்து, யார் சொன்னார் என்பதற்கு இடமே இல்லாவிட்டால், அன்றைய காவலரின் வாய்மொழி இன்னும் வேகமாக ஆவணமாகிவிடும்.

ஊசி குத்தினால் எங்கே எழுதுவது?

அந்த அக்காவிடம் திரும்ப வருகிறேன். வழக்கு முடிந்த பிறகும் அவரோடு பேச்சு விட்டுப் போகவில்லை. ஒருநாள், பயன்படுத்திய ஊசி ஒன்று குப்பைப் பையைத் துளைத்து அவர் விரலில் ஏறிவிட்டது என்றார். என்ன செய்தீர்கள் என்றேன். "சோப்பு போட்டுக் கழுவுனேன் தம்பி. மேஸ்திரிகிட்ட சொன்னேன். கையுறை போடாதது உன் தப்புன்னாரு" என்றார். கையுறை கொடுத்தார்களா என்று நான் கேட்கவில்லை. பதில் தெரியும்.

உயிர் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016 என்று ஒன்று இருக்கிறது. ஊசி, பிளேடு முதலான கூர்மையானவை துளைபடாத வெள்ளைப் பெட்டியில்தான் போட வேண்டும். ரத்தம் தோய்ந்த பஞ்சும் துணியும் மஞ்சள் பையில், குழாய்கள் சிவப்பில், கண்ணாடி நீலத்தில். ஊசி பையைத் துளைத்து வந்தது என்றால் தவறு பையைத் தூக்கியவருடையது அல்ல, அதை உள்ளே போட்டவருடையது. கழிவைக் கையாளும் எல்லோருக்கும் கல்லீரல் அழற்சி பி, தசைவிறைப்பு ஜன்னி ஆகியவற்றுக்குத் தடுப்பூசி போட வேண்டும், பயிற்சி தர வேண்டும், வேலைக்குச் சேரும்போதும் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவதும் உடல் பரிசோதனை செய்ய வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. ஒப்பந்தப் பணியாளர் என்று யாரையும் அவை விலக்கவில்லை. ஊசிக்குத்து உட்பட விபத்துகளைப் பதிந்து வைக்கவும் வேண்டும்.

எழுதி வைப்பதால் என்ன கிடைக்கும் என்று அக்கா கேட்டார். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரையை ஊசி குத்திய இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயன் இல்லை. குத்திய நேரம் எழுத்தில் இருந்தால்தான் அந்தக் கணக்கே வரும். அன்றே ரத்தப் பரிசோதனை செய்து ஆவணம் வைத்தால்தான், ஆறு மாதம் கழித்துத் தொற்று தெரிந்தால் அது வேலையில் வந்தது என்று காட்ட முடியும். மருத்துவமனை வேலையில் தொற்றும் நோயைத் தொழில்சார் நோயாகவே நம் தொழிலாளர் சட்டங்கள் ஏற்கின்றன. ஆனால் வேறொருவர் பெயரில் இரவுப் பணி பார்த்தவருக்கு எந்தச் சட்டத்தின்படி யார் இழப்பீடு தருவது? மேஸ்திரி நோட்டில் மட்டும் இருக்கும் உழைப்பு, மருத்துவமனைக்கு நடக்காத உழைப்பு.

ஒவ்வொரு பிரிவின் வாசலிலும் 'இன்று பணியில்' என்று மருத்துவர் பெயர் எழுதிய பலகை தொங்குகிறது. அதே பலகையில் அந்த வேளையின் செவிலியர், மருத்துவமனைப் பணியாளர், ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் எல்லோருடைய பெயரும் இருக்கட்டும் என்று கேட்பதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை, ஒரு சாக்பீஸ் போதும். நாளைக்கு ஒரு விசாரணை வந்தால் யார் இருந்தார் என்பது தெரியும். ஊசி குத்தினால் யாருக்குக் குத்தியது என்பதும் தெரியும். நோயாளிக்கும் 'இந்தாம்மா' என்பதற்குப் பதில் ஒரு பெயர் கிடைக்கும்.

கடந்த மாதம் வேறொரு வேலையாக அதே மருத்துவமனைக்குப் போயிருந்தேன். அக்கா இன்னும் அங்கேதான், இன்னும் ஒப்பந்தத்தில்தான். மறுபடியும் ஒருமுறை ஊசி குத்தியிருக்கிறது. இந்த முறை மேஸ்திரியிடம் போகாமல் நேராகச் செவிலியர் கண்காணிப்பாளரிடம் போய், எழுதினால்தான் நகர்வேன் என்று நின்றிருக்கிறார். எழுதிய பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தார். திறந்து காட்டினார். தேதி, நேரம், வார்டு எண், எந்த விரல் என்று எல்லாம் இருந்தது.

"எம் பேரு போட்டிருக்கு பாரு தம்பி" என்றார். "இனிஷியல்தான் தப்பு. நாளைக்குப் போயி மாத்தச் சொல்லணும்."